மைத்துனன் பிடிக்கும் கயிறு

தூத்துக்குடி திரேஸ்புரம் கடற்கரையில் மாலை வேளையில் நடந்து பார்த்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம். வள்ளங்கள் கரையேறி, வலைகள் உலரத் தொடங்கியதும் மணல் முழுவதும் பையன்களுக்குச் சொந்தமாகிவிடும். இரண்டு பக்கமும் இரண்டு ஜோடிச் செருப்புகளை வைத்தால் கோல் கம்பம் தயார். பந்து கொஞ்சம் காற்றுப் போயிருந்தாலும் பாதகமில்லை. பத்துப் பையன்களில் நாலு பேர் நீலமும் வெள்ளையும் கோடு போட்ட அர்ஜென்டினாச் சட்டை அணிந்திருப்பார்கள். முதுகில் 10 என்ற எண்.

அப்படி ஒரு மாலையில் ஓர் அம்மாள் கரையில் நின்று தன் பிள்ளையைக் கூப்பிட்டுக் கொண்டிருந்தாள்.

"ஏலே, பந்து சோறு போடுமாலே? வந்து வலையைப் பிடிலே!"

பையன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மெஸ்ஸிக்குப் போடுதுல்லாம்மா!" என்று பதில் மட்டும் வந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த அம்மாளுக்கு வரவில்லை. "அவன் எந்தத் தேசத்துக்காரனோ! நம்ம தேசத்திலேயிருந்து எவனாவது அப்படிப் போயிருக்கானா? அதைச் சொல்லுங்க சார்" என்றாள்.

கேள்வி நியாயமான கேள்வி. தென் அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகள் கடல் கடந்து ஐரோப்பாவுக்குப் போய்ப் பந்தாடிப் பேரும் பொருளும் சம்பாதிக்கிறார்கள். நம்மவர் போனதுண்டா? போனவர் என்ன ஆனார்? இந்த வாரம் அந்தக் கதையைத்தான் பார்க்கப் போகிறோம்.

அதற்கு முன்பு இந்தக் கரையின் பழைய தொழில் ஒன்றைச் சற்று நினைவுபடுத்திக் கொள்வது நல்லது.

தாலியும் கயிறும்

தூத்துக்குடியில் முத்துச் சலாபம் நடந்த காலத்தை நேரில் கண்டவர்கள் இப்போது வெகு சிலரே. 1955 முதல் 1961 வரை நடந்த சலாபங்களே கடைசி. அதற்குப் பிறகு சர்க்கார் நடத்திய பெரிய முத்துக் குளிப்பு இங்கே இல்லை. குளிப்பவன் காலில் கல்லைக் கோத்துக்கொண்டு கடலுக்குள் இறங்குவான். அடியில் சிப்பிகளை வாரிக் கூடையில் போடுவான். மூச்சு முட்டும் சமயத்தில் கயிற்றை அசைப்பான். மேலே படகில் கயிற்றைப் பிடித்திருப்பவன் உடனே இழுக்க வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் கீழே இருப்பவன் கதி அதோகதிதான்.

ஆகையால் அந்தக் கயிற்றை யார் கையில் கொடுப்பது என்பது பெரிய விஷயம். மைத்துனன் கையில்தான் கொடுக்க வேண்டும் என்பார்கள் இந்தப் பக்கத்துப் பெரியவர்கள். அண்ணன் தம்பிக்குக்கூடச் சொத்துத் தகராறு இருக்கலாம். மைத்துனன் கை தளராது. அவனுடைய சகோதரியின் தாலியல்லவா அந்தக் கயிற்றின் மறுமுனையில் கட்டியிருக்கிறது!

எவ்வளவு பெரிய சூரனானாலும் மேலே கயிறு பிடிக்க ஆள் இல்லாமல் ஆழத்தில் இறங்கியதில்லை. கடல் கடந்து போன பந்தாட்டக்காரர்களின் கதையும் அதேதான்.

அர்ஜென்டினாவின் அம்பு

ஆல்பிரெடோ டி ஸ்டெபானோ 1926-ல் அர்ஜென்டினாவின் தலைநகரான பியூனஸ் அயர்ஸில் பிறந்தவர். தலைமுடி பொன் நிறம். ஓட்டமோ அம்பு வேகம். "பொன்னிற அம்பு" என்றே ரசிகர்கள் அவருக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். ரிவர் பிளேட் என்ற பிரசித்தி பெற்ற கோஷ்டியில் முன்னணி ஆட்டக்காரராக விளங்கினார். 1940-களின் கடைசியில் அந்நாட்டு ஆட்டக்காரர்கள் சம்பளத்துக்காக வேலை நிறுத்தம் செய்தார்கள். அந்தக் குழப்பத்தில் பலர் கொலம்பியா நாட்டுக்குக் கப்பலும் விமானமும் ஏறினார்கள். டி ஸ்டெபானோ 1949-ல் அங்கே மில்லொனாரியோஸ் கோஷ்டியில் சேர்ந்தார். பெயருக்குப் பொருள் கோடீஸ்வரர்கள். சம்பளமும் பெயருக்கு ஏற்றாற்போலத்தான் இருந்தது!

1953-ல் ஸ்பெயின் தேசத்தின் இரு பெரிய கோஷ்டிகள் அவருக்காக மல்லுக்கு நின்றன. பார்சிலோனா ஒரு பக்கம், ரியல் மாட்ரிட் ஒரு பக்கம். பழைய கோஷ்டிகளில் ஒன்று ஒருவரிடம் கையெழுத்துப் போட்டது. இன்னொன்று மற்றவரிடம் போட்டது. நம் ஊர் நிலத் தகராறு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பெயினின் பந்தாட்டச் சங்கம் பஞ்சாயத்துக்கு வந்து, ஒரு வருஷம் இவருக்கு, ஒரு வருஷம் அவருக்கு என்று மாற்றி மாற்றி ஆடட்டும் என்று தீர்ப்புச் சொன்னது. பார்சிலோனாக்காரர்கள் ரோஷத்துடன் "எங்களுக்கு வேண்டாம்" என்று விட்டுக்கொடுத்தார்கள். அதற்காக அவர்கள் பட்ட வருத்தம் இன்றுவரை தீர்ந்ததாகத் தெரியவில்லை.

ஏனென்றால், ஐரோப்பாவின் சாம்பியன் கோஷ்டிகளுக்கான கோப்பை ஏற்பட்டதும், 1956 முதல் 1960 வரை 5 வருஷமும் தொடர்ந்து அதை மாட்ரிட்டுக்குக் கொண்டுபோனவர் டி ஸ்டெபானோ. ஐந்து இறுதிப் பந்தயங்களிலும் கோல் போட்டார். 1960-ல் பிராங்க்பர்ட் கோஷ்டியை 7-க்கு 3 என்று வென்றபோது அவர் பங்கு 3 கோல்கள்; மற்ற நாலும் ஹங்கேரி நாட்டிலிருந்து வந்த புஸ்காஸ் போட்டவை. அந்தக் கோப்பைப் பந்தயங்களில் மொத்தம் 49 கோல்கள். ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருது 1957-லும் 1959-லும் அவரைத் தேடி வந்தது. புகழ் எவ்வளவு தூரம் போயிற்று என்றால், 1963-ல் வெனிசுலா நாட்டுக்கு ஆடப் போன இடத்தில் புரட்சிக் கூட்டம் ஒன்று தன் பெயர் உலகப் பத்திரிகைகளில் வரவேண்டும் என்பதற்காக அவரையே கடத்திக்கொண்டு போயிற்று! இரண்டொரு நாளில் பத்திரமாக விட்டுவிட்டார்கள்.

இத்தனையும் அவருடைய கால்களின் திறமை. சந்தேகமே இல்லை. ஆனால் கயிற்றையும் கவனியுங்கள். ஸ்பெயினில் பேசும் பாஷை அவருடைய தாய்பாஷை. பாட்டனார் இத்தாலியிலிருந்து அர்ஜென்டினாவுக்குக் குடியேறியவர். ஆகவே ஐரோப்பா அவருக்கு அந்நியமல்ல, பாட்டன் வீடு. முன்னால் போனவர்களும் இருந்தார்கள். 1934-ல் இத்தாலி உலகக் கோப்பையை வென்றபோது அந்தக் கோஷ்டியில் மோன்டி, ஓர்ஸி என்று அர்ஜென்டினாவில் பிறந்தவர்கள் ஆடினார்கள். இறுதிப் பந்தயத்தில் ஓர்ஸி ஒரு கோல் போட்டார். டி ஸ்டெபானோ போகும்போது பாதை போட்டிருந்தது. எங்கே தங்குவது, யாரிடம் பேசுவது, என்ன சம்பளம் கேட்பது என்று சொல்ல ஆள் இருந்தது.

நம் பையன்கள் கொண்டாடும் மெஸ்ஸியும் அப்படித்தான். 2000-ல், 13 வயதில், வளர்ச்சிக்குறைவுக்கு வைத்தியம் பார்த்துக் கொண்டிருந்த அந்தச் சிறுவனைப் பார்சிலோனாக் கோஷ்டி ஏற்றுக்கொண்டு வைத்தியச் செலவையும் ஏற்றது. தகப்பனாரும் கூடவே போனார்.

வெறுங்கால் சலீம்

இனி நம்மவர் கதைக்கு வருவோம்.

முதலில் போனவர் கல்கத்தாவின் முகமது சலீம். 1934 முதல் 5 வருஷம் தொடர்ந்து கல்கத்தா லீக் கோப்பையை வென்று வெள்ளைக்காரக் கோஷ்டிகளை வாயடைக்கச் செய்த முகமதன் ஸ்போர்ட்டிங்கில் ஆடியவர். 1936-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகருக்குப் போனார். அங்கே அவருடைய சகோதரர் ஹாஷிம் இருந்தார். அவர்தான் புகழ் பெற்ற செல்டிக் கோஷ்டியின் நிர்வாகி வில்லி மேலியிடம் போய், "என் சகோதரனை ஒரு முறை ஆடவிட்டுப் பாருங்கள்" என்று கேட்டவர். "ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், அவன் வெறுங்காலில்தான் ஆடுவான்" என்ற விஷயமும் கூடவே வந்தது.

மேலி துரைக்குச் சிரிப்பும் ஆச்சரியமும் வந்திருக்கும். ஆனாலும் சரி என்றார். பூட்ஸ் போட்ட ஸ்காட்லாந்துக்காரர்கள் நடுவே, காலில் துணிக்கட்டு மட்டும் கட்டிக்கொண்டு சலீம் இரண்டு பந்தயங்கள் ஆடினார். பந்து அவர் கால் விரல்களில் ஒட்டிக்கொண்டதுபோல் திரிந்ததைப் பார்த்து, "இந்திய ஜால வித்தைக்காரர்" என்று அந்த ஊர்ப் பத்திரிகை எழுதியது. இரண்டு பந்தயங்களிலும் செல்டிக் பெரிய வெற்றி பெற்றது.

பிறகு? சலீமுக்கு வீட்டு நினைவு வந்துவிட்டது. கோஷ்டிக்காரர்கள் தங்கச் சொல்லிப் பார்த்தார்கள். அவர் கேட்கவில்லை, கல்கத்தாவுக்குத் திரும்பி வந்து பழைய கோஷ்டியிலேயே சேர்ந்துவிட்டார். சகோதரர் பிடித்த கயிறு அவரைக் கடலில் இறக்கிவிட்டது. அங்கேயே பல வருஷம் தங்கிப் பிழைக்க ஒரு கயிறு போதாது.

சிக்கிமிலிருந்து ஒருவர்

அதற்குப் பிறகு 60 வருஷங்களுக்கு மேல் யாரும் போகவில்லை. 1999-ல் போனார் பாய்ச்சுங் பூட்டியா. அவர் கோல் அடிப்பதே தொழிலாகக் கொண்ட முன்னணி ஆட்டக்காரர். ஐரோப்பியக் கோஷ்டி ஒன்றுடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட முதல் இந்தியரும் அவரே.

சிக்கிமில் டின்கிடாம் என்ற மலைக் கிராமம். பெற்றோர் விவசாயிகள். 1976-ல் பிறந்த அந்தப் பையன் 9 வயதில் இந்திய விளையாட்டு ஆணையத்தின் உதவிச் சம்பளம் பெற்றுக் காங்டாக் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தான். 1992-ல் பள்ளிக்கூடக் கோஷ்டிகளுக்கான சுப்ரதோ கோப்பைப் பந்தயத்தில் சிறந்த ஆட்டக்காரன் என்று பெயர் எடுத்தான். இந்தியக் கோஷ்டியின் முன்னாள் கோல்கீப்பர் பாஸ்கர் கங்குலியின் கண்ணில் பட, அவர் கல்கத்தாவுக்கு வழி காட்டினார். 1993-ல், 16 வயதில், ஈஸ்ட் பெங்கால் கோஷ்டியில் பூட்டியா சேர்ந்தது இப்படித்தான். மலையிலிருந்து கல்கத்தா வரை கயிறு அறுபடாமல் வந்ததைக் கவனித்தீர்களா?

1996-97-ல் தேசிய லீக் முதன்முதலாக நடந்தபோது பஞ்சாபின் ஜே.சி.டி. கோஷ்டி வென்றது. அதிகக் கோல் போட்டவர் பூட்டியா. மறுபடி ஈஸ்ட் பெங்காலுக்கு வந்தார். 1997 ஜூலை 13-ந் தேதி கல்கத்தாவின் சால்ட் லேக் மைதானத்தில் மோகன் பகானுடன் அரை இறுதிப் பந்தயம். அன்று அங்கே கூடியவர்கள் 1,31,000 பேர்! தூத்துக்குடியின் ஜனத்தொகையில் பெரும் பங்கை ஒரே மைதானத்தில் உட்கார வைத்தது போல. ஈஸ்ட் பெங்கால் 4-க்கு 1 என்று வென்றது. பூட்டியா மட்டும் 3 கோல்.

அத்தகையவர் இரண்டு வருஷம் கழித்து எங்கே போய்ச் சேர்ந்தார் தெரியுமா? இங்கிலாந்தில் மான்செஸ்டருக்குப் பக்கத்தில் பெரி என்ற ஊருக்கு. பழைய லங்காஷயர் ஜில்லாவின் நூற்பாலை நகரங்களில் ஒன்று. ஒரு காலத்தில் நம் கரிசல் காட்டுப் பருத்தி தூத்துக்குடியில் கப்பலேறி அந்தச் சீமைக்குப் போயிற்று. ஆகவே நமக்கு முற்றிலும் அந்நியமான திசை என்று சொல்ல முடியாது. ஆனால் பந்தாட்டத்தில் பெரி பெரிய ஊர் அல்ல. இங்கிலாந்தின் லீக் கோஷ்டிகளுக்கு நாலு படிகள் உண்டு. பெரி மூன்றாம் படியில் நின்றது. மைதானத்தில் சுமார் 12,000 பேருக்குத்தான் இடம். அதுவும் நிறையாது.

1999 செப்டம்பர் 30-ந் தேதி ஒப்பந்தம். அக்டோபர் 3-ந் தேதி கார்டிப் கோஷ்டியுடன் நடந்த பந்தயத்தில் மாற்று ஆட்டக்காரராக முதன்முதலில் இறங்கினார். லீக் பந்தயத்தில் முதல் கோல் எப்போது? 2000 ஏப்ரல் 15-ந் தேதி, செஸ்டர்பீல்டுக்கு எதிராக. ஆறு மாதத்துக்கு மேல் ஆயிற்று.

கோல் போடுவதே பிழைப்பாக உள்ளவனுக்கு ஆறு மாதம் என்பது என்ன என்று மழை பார்த்திருக்கும் சம்சாரியைக் கேட்டால் சொல்லுவான். சால்ட் லேக்கில் லட்சம் பேர் ஆரவாரம் கேட்ட காது அது. இங்கே பனியிலும் சகதியிலும், ஆஜானுபாகுவான தடுப்பாட்டக்காரர்கள் தோளால் இடிக்க, பாதி நாள் வெளியே பெஞ்சியில் உட்கார்ந்து முறை வருமா என்று காத்திருக்க வேண்டும். பந்தை உயரத் தூக்கி அடித்துப் பின்னால் ஓடும் ஆட்டமுறை வேறு. அதே கோஷ்டியில் இன்னொரு இந்தியர் இல்லை. முன்னால் போய் வந்தவர் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஒருவர் இல்லை. சலீம் 1980-லேயே காலமாகிவிட்டார்.

2001 ஆகஸ்டில் ஸ்விண்டன் கோஷ்டியுடன் ஆடியதுதான் அவருக்குக் கடைசி. முழங்கால் காயம் அந்தப் பருவத்தின் பெரும் பகுதியை விழுங்கிவிட்டது. 2002-ல் நாடு திரும்பினார். மூன்று பருவங்களில் 37 லீக் பந்தயங்கள், 3 கோல்கள்.

மூன்று கோலுக்கு என்ன விலை?

கணக்குப் பிள்ளை பேரேட்டைத் திறந்தால் இது நஷ்டக் கணக்கு என்று எழுதி மூடிவிடுவார். டி ஸ்டெபானோவின் 49 எங்கே, பூட்டியாவின் 3 எங்கே?

தூத்துக்குடிக்காரர்கள் இப்படிக் கணக்குப் பார்க்கக் கூடாது. 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியை ஆரம்பித்தார். இரண்டே வருஷத்தில் அவரைச் சிறையில் போட்டார்கள். சில ஆண்டுகளில் கம்பெனியும் கலைந்தது. அதை நஷ்டக் கம்பெனி என்று நாம் யாராவது சொல்கிறோமா? அவர் பெயரைத்தானே துறைமுகத்துக்கு வைத்திருக்கிறோம்!

பூட்டியா திரும்பி வந்த மறு வருஷம், 2003-ல், ஜகார்த்தாவில் நடந்த தென்கிழக்கு ஆசியக் கோஷ்டிகளின் பந்தயத்தில் ஈஸ்ட் பெங்கால் கோப்பையை வென்றது. அதிகக் கோல் போட்டவர் அவர், எண்ணிக்கை 9. 2008-ல் அவர் தலைமையில் இந்தியா ஆசிய சாலஞ்ச் கோப்பையை வென்று, 27 வருஷத்துக்குப் பின் 2011-ல் ஆசியக் கோப்பைப் பந்தயத்தில் இடம் பெற்றது. 2012 ஜனவரியில் அவருக்குப் பிரிவுபசார ஆட்டம் ஆட ஜெர்மனியின் பயர்ன் மியூனிக் கோஷ்டியே டில்லிக்கு வந்தது. இவையெல்லாம் பெரியில் கற்ற பாடத்தின் பலன் என்று அடித்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனால் இங்கிலாந்தில் பெஞ்சியில் காத்திருந்து பழகியவன் ஜகார்த்தாவில் பயப்படமாட்டான் என்பது மட்டும் நிச்சயம்.

விந்தை என்னவென்றால், அந்தப் பெரி கோஷ்டியே கடனில் மூழ்கி 2019-ல் லீக்கிலிருந்து விலக்கப்பட்டது. பூட்டியாவின் பெயரோ சிறுவர்களுக்கான பந்தாட்டப் பள்ளிக்கூடங்களின் வாசலில் இருக்கிறது.

அவர் போட்ட பாதையில் பிறகு எத்தனை பேர் போனார்கள் என்று பார்த்தால்தான் வருத்தம் வருகிறது. இந்தியாவுக்காக 90-க்கும் மேல் கோல் போட்ட சுனில் சேத்ரியை 2009-ல் லண்டனின் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கோஷ்டி எடுத்துக்கொண்டது. ஒப்பந்தமும் ஆயிற்று. ஆனால் பிரிட்டிஷ் சர்க்கார் வேலை செய்ய அனுமதி தரவில்லை. சேத்ரி குறையுள்ளவர் என்பதல்ல காரணம். உலக வரிசையில் அவருடைய தேசம் முதல் 70-க்குள் இல்லையாம்! முத்து எடுக்கத் தெரிந்தவனை, உன் ஊர்ப் படகு சின்னது என்று கடலில் இறங்கவிடாமல் தடுத்தது போல. பிறகு 2012-ல் அவர் போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் கோஷ்டியின் இரண்டாம் அணிக்குப் போய்ச் சில பந்தயங்களே ஆடித் திரும்பினார்.

பெண்களில் மணிப்பூரின் பாலா தேவி 2020-ல் கிளாஸ்கோவின் ரேஞ்சர்ஸ் கோஷ்டியில் சேர்ந்து கோலும் போட்டார். சலீம் வெறுங்காலுடன் ஓடிய அதே நகரத்தில், 84 வருஷத்துக்குப் பிறகு!

நம் கரையில்

சோறு போடுமா என்ற கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். பந்து வெகு சிலருக்கே சோறு போடும். சிப்பி எல்லாவற்றிலும் முத்து இருப்பதில்லை என்பதை இந்தக் கரைக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆகவே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் பந்தின் பின்னால் ஓடு என்று எந்தப் பிள்ளைக்கும் சொல்ல மாட்டேன்.

ஆனால் "நம்மவர்களால் முடியாது" என்று சொன்னால் அதை ஒப்புக்கொள்ளவும் மாட்டேன். கன்னியாகுமரிக் கரையில் இரவிபுத்தன்துறை என்ற மீனவர் கிராமத்தில் மணலில் ஆடிப் பழகிய மைக்கேல் சூசைராஜ் இந்தியாவின் பெரிய லீக்கில் பல வருஷம் ஆடியிருக்கிறார். அவ்வளவு தூரம் போவானேன்? நம் தூத்துக்குடி ஜில்லாவிலேயே கோவில்பட்டியில் ஹாக்கிக்கு ஒரு சர்க்கார் விடுதி இருக்கிறது. சாப்பாடு, படிப்பு, பயிற்சி எல்லாம் ஒரே இடத்தில். அங்கே பயின்ற மாரீஸ்வரன் சக்திவேலும், கார்த்தி செல்வமும் 2022-ல் ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடினார்கள். கயிறு பிடிக்க ஆள் இருந்தால் சாதாரண வீட்டுப் பிள்ளை எவ்வளவு ஆழம் போவான் என்பதற்கு அது போதாதா? ஹாக்கிக்குக் கோவில்பட்டியில் செய்ததைப் பந்தாட்டத்துக்குக் கடற்கரையில் செய்யக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லையே!

அது வரும் வரையில் தாய்மார்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பிள்ளை உண்மையிலேயே நன்றாக ஆடுகிறானா என்பதை வீட்டில் தீர்மானிக்க வேண்டாம். பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியாரிடம் அழைத்துப் போய்க் காட்டுங்கள். மாநில விளையாட்டு விடுதிகளுக்கு ஆள் எடுக்கும் தேதியைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிறந்த தேதிச் சான்றிதழைப் பத்திரப்படுத்துங்கள்; வயதுக்கேற்ற பிரிவுகளில் ஆட அதுதான் முதலில் கேட்பார்கள். படிப்பையும் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டின்கிடாம் கிராமத்துப் பையனுக்கும் ஆரம்பம் ஓர் உதவிச் சம்பளமும் ஒரு பள்ளிக்கூடமும்தான்.